சாமிப் படத்துக்குப் பின்னால இருந்த கடிதம்

என்ர ராசாவுக்கு,

நீ இப்ப உடுப்புத் தோய்க்கிற கடைக்குப் போயிருக்கிறாய். ரெண்டு பாக் நிறையக் கொண்டு போனனீ. மெஷின் சுத்தி, காய்ஞ்சு, மடிச்சு வர எப்பிடியும் ரெண்டு மணித்தியாலம் எடுக்கும். அந்த நேரத்துக்குள்ள இதை எழுதி முடிக்க வேணும் எண்டுதான் குசினி மேசையில இருக்கிறன். உன்ர பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒண்டில கடைசிப் பக்கங்கள் வெறுமையாக் கிடந்தது, அதைக் கிழிச்செடுத்தன். என்ர எழுத்து உனக்குத் தெரியும், ஊர்ப் பள்ளிக்கூடத்து எழுத்து, கோழி கிண்டினது போல இருக்கும் எண்டு நீயே சிரிக்கிறனீ. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில உன்னை அழவைச்சுப் படிப்பிச்சது இண்டைக்குத்தான் உதவப்போகுது. எழுத்துக் கூட்டி, ஆறுதலா வாசி. வாயால சொன்னால் நான் அழுது குழப்பிப்போடுவன், நீயும் "சரி பெரியம்மா, விடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போயிடுவாய். அப்பிடி விடக்கூடாத கதை இது.

வியாழக்கிழமை நீ லிஸ்பனுக்கு வெளிக்கிடுறாய். இண்டைக்குத் திங்கள். நாளைக்கு விடிய நீ தேத்தண்ணி குடிக்கேக்க இதை உன்ர கையில தருவன். முதல் வேற மாதிரித்தான் நினைச்சனான். உன்ர பெட்டிக்குள்ள, ஸ்வெற்றருகளுக்கு நடுவில வைச்சுவிட்டால் நீ அங்க போய்த் திறக்கேக்க எடுத்து வாசிப்பாய், அப்ப உனக்கும் எனக்கும் நடுவில ஒரு கடல் இருக்கும் எண்டு. பேந்து யோசிச்சன், அதுவும் ஒளிக்கிறதுதான். ஒளிச்சு வைச்சுத்தான் இவ்வளவும் வந்தது. அதுதான் ரெண்டு நாளை மிச்சம் விட்டிருக்கிறன். ஏச வேணுமெண்டால் முகத்துக்கு முன்னால ஏசிப்போட்டுப் போ.

நீ முதல் முதல் லிஸ்பன் எண்டு சொன்னது ஞாபகம் இருக்கோ? போன வருஷத்துக்கு முதல் மாரி. வெளிப்படியில பனி இறுகிக் கிடந்து, பெரியப்பா வழுக்காமல் உப்பு எறிஞ்சுகொண்டு நிண்டவர். நீ சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கம்பஸில இருந்து பஸ் மாறி மாறி வந்து, சப்பாத்தைக் கூடக் கழட்டாமல் குசினி வாசல்ல நிண்டு சொன்னனீ.

"பெரியம்மா, மேல்படிப்புக்கு லிஸ்பனுக்கு விண்ணப்பம் போடப்போறன்."

"அது எங்க கிடக்கு? ஒட்டாவாவுக்கு அங்காலையோ?"

"போர்த்துக்கல். ஐரோப்பா."

"போர்த்துக்கலோ? நல்லூர்க் கோயிலை இடிச்சவங்களிட்டையோ படிக்கப் போறாய்?"

நீ விழுந்து விழுந்து சிரிச்சனீ. "அது நானூறு வருஷம் பெரியம்மா. இப்ப இருக்கிறதுகளுக்கு நல்லூர் எங்க எண்டே தெரியாது."

"அதுகளுக்குத் தெரியாட்டில் என்ன, முருகனுக்குத் தெரியும்."

பேந்து நீ ஃபோனைக் காட்டி வெயிலைப் பற்றிச் சொன்னனீ. அங்க தை மாசத்திலயும் வெயிலாம், ஜாக்கெற் ஒண்டு போதுமாம், பெரிய நகரம் எண்டாலும் மற்ற இடங்கள் மாதிரி விலை இல்லையாம், கோப்பி எங்கட மூலைக்கடையை விட மலிவாம். தண்ணி குறைஞ்ச நிலத்தில மரம் வளர்க்கிற படிப்பு, அதுக்கு வெயில் காயிற ஊரிலதான் படிக்க வேணுமாம். "வெயில் வேணுமெண்டால் யாழ்ப்பாணம் போவன், அங்க தண்ணியும் குறைவு" எண்டன் நான். பெரியப்பா உப்பு வாளியோட உள்ள வந்து, "உவ மொன்றியலை விட்டுப் பக்கத்தில இருக்கிற லவாலுக்குப் போறதெண்டாலே நாள் பாக்கிற ஆள், உவவிட்டையோ கேக்கிறாய்" எண்டு எனக்கு நக்கல் அடிச்சவர்.

அதுக்குப் பிறகு நீ ஃபோனில அந்தப் பாஷை படிக்கத் தொடங்கினனீ. ஒருநாள் நான் பாண் வெட்டிக்கொண்டு நிக்கேக்க வந்து சொன்னனீ, "பெரியம்மா, உங்களுக்குப் போர்த்துக்கேயம் தெரியும்" எண்டு. மேசை, கதிரை, அலுமாரி, ஜன்னல், பாண், எல்லாம் அவங்கட சொல்லாம். குசினியும் அவங்கட சொல்லாம். எனக்குக் கோவம் வந்திட்டுது. கோயிலை இடிச்சதும் காணாதெண்டு என்ர குசினியிலயும் அவங்களோ எண்டு கேட்டன். அண்டைக்கு நான் உனக்கு ஒரு கதை சொன்னனான், கும்பிடத் தடை இருந்த அவங்கட காலத்தில விரதம் பிடிச்ச சனம் சாப்பிட்ட இலையை வெளியில எறியப் பயந்து, மடிச்சுக் கூரைக்குள்ள செருகி ஒளிச்சதெண்டு. நீ "சூப்பர் கதை" எண்டாய். அந்தக் கதையைச் சொன்ன வாயாலதான் இப்ப மற்றக் கதையையும் சொல்ல வேண்டிக் கிடக்கு. ஒளிக்கிறது எங்கட சனத்துக்குப் பழகின வேலை ராசா. ஆனால் அதுகள் ஒளிச்சது உயிருக்குப் பயந்து. நான் ஒளிச்சது வேற.

அதுக்கு முதல் சில புத்திமதி சொல்லிப்போடுறன், இல்லாட்டில் பிறகு சொல்ல எனக்கு முகம் இருக்காது. அங்க வெளியில வெயில் எண்டாலும் வீட்டுக்குள்ள குளிருமாம். சின்னப் பிள்ளையளைப் பாக்கிற கார்டெறியில என்னோட சமைக்கிற மனிசி அந்த நாட்டுக்காரி, அவதான் சொன்னவ, அங்கத்தைப் பழைய வீடுகளில ஹீற்றர் இல்லை, மாரிக்கு ஜாக்கெற்றோடதான் படுக்கிறதெண்டு. அதால அந்தக் கம்பளிப் போர்வையை வெளியில எடுத்து வைக்காத, நான் திரும்பவும் பெட்டிக்குள்ள வைப்பன். றூமை நேர போய்க் கண்ணால பாக்காமல் ஒருத்தருக்கும் காசு அனுப்பாத. சனிக்கிழமையில தலைக்கு எண்ணெய் வை, வெயில் ஊரில சூடு ஏறும். வெள்ளிக்கிழமையில மச்சம் சாப்பிடாத எண்டு சொல்லமாட்டன், மீன் சாப்பிடுற ஊர், ஆனால் சாப்பிடுறதுக்கு முதல் ஒருக்கால் "முருகா" எண்டு சொல்லு. திருநீறும் படமும் வைச்சு விடுறன், விளக்குக் கொளுத்த வீட்டுக்காரர் விடாட்டில் பறவாயில்லை. இன்னொண்டு இருக்கு. உனக்கு வாற கடிதம் எதுவெண்டாலும் வந்த கையோட உடை. நிண்ட நிலையில உடைச்சு வாசி. ஒரு இடத்திலயும் வைக்காத, சாமியிட்டையும் வைக்காத. நான் இப்பிடிச் சொல்லுவன் எண்டு நீ நினைச்சிருக்கமாட்டாய்.

எங்கட வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். கவுண்மேந்துக் கடிதம் எது வந்தாலும் முதல் சாமிக்கு முன்னால. பின்னேரம் விளக்கு வைச்சு, திருநீறு போட்டு, பிறகுதான் உடைக்கிறது. இந்தப் பழக்கம் இஞ்ச வந்துதான் தொடங்கினது. நானும் பெரியப்பாவும் அகதியாப் பதிஞ்சு முடிவுக்குக் காத்துக்கொண்டிருந்த காலம், செயின்ட்-மிஷேலில ஒரு நிலக்கீழ் வீடு. அந்த முடிவுக் கடிதம் வந்த அண்டைக்கு ரெண்டு பேருக்கும் உடைக்கப் பயம். அவர் "நீர் உடையும்" எண்டார், நான் "நீங்கள் உடையுங்கோ" எண்டன். கடைசியில பிள்ளையாருக்கு முன்னால வைச்சிட்டு ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிச்சம். பின்னேரம் உடைச்சுப் பாத்தால் ஏற்றுக்கொண்டாச்சு. அண்டையில இருந்து பிள்ளையார்தான் எங்கட தபால்கந்தோர். உன்ர அம்மா போன பிறகு உன்னை எங்களிட்டைப் பொறுப்புத் தந்த கோட்டுக் கடிதம், உன்ர பள்ளிக்கூட றிப்போட், எல்லாம் அவரிட்டைப் போய்த்தான் வந்தது. நீ சின்னனில கரண்ட் பில்லைக் கொண்டுபோய் வைச்சிட்டு, "பெரியம்மா, இதையும் குறைச்சுத் தரச் சொல்லுங்கோ" எண்டு கேட்டனீ. நான் அதுக்கும் திருநீறு போட்டனான்.

இனிச் சொல்லுறன்.

போன வருஷம் ஆடி மாசம். லிஸ்பனில இடம் கிடைச்சிட்டுது, புரட்டாதியில தொடங்க வேணும். விசாவுக்கு எல்லாப் பேப்பரும் சேத்திட்டாய், ஒண்டுதான் குறை, உன்னில ஒரு குற்றமும் இல்லை எண்டு பொலிஸ் குடுக்கிற பேப்பர். விரல் அடையாளம் குடுத்திட்டு வந்து, தபாலில வருமெண்டு பாத்துக்கொண்டு இருந்தனீ. விசாக் கந்தோரில உனக்குத் தந்த நாள் நெருங்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு நாளும் வந்ததும் வராததுமா "பேப்பர் வந்ததோ பெரியம்மா?" எண்டுதான் கேக்கிறனீ. வந்தது ராசா. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. மண்ணிறப் பெரிய என்வலப், உன்ர பேர், அரசாங்க முத்திரை. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாட்டிலும் அது என்ன எண்டு தெரியும். நான் அதைத் தெரியாமல் வைச்சன் எண்டு ஒரு சொல் இந்தக் கடிதத்தில எழுதமாட்டன்.

வழக்கம் போலத்தான் சாமிக்கு முன்னால கொண்டு போனன். வைச்சிட்டுக் கும்பிட்டன். கும்பிடேக்க மனதில என்ன வந்ததெண்டால், பிள்ளையாரே, இந்தப் பிள்ளை போகாமல் ஏதும் நடக்கக்கூடாதோ எண்டு. இவ்வளவு காலமும் நல்லபடியா நடக்க வேணும் எண்டு கேட்ட இடத்தில முதல் தரம் நடக்கக்கூடாதெண்டு கேட்டன். கேட்டுப்போட்டு, கண்ணைத் திறந்து, என்ர கையாலயே அந்த என்வலப்பை எடுத்துப் படத்துக்குப் பின்னால சரிச்சு வைச்சன். அவர் ஒண்டும் செய்யேல்லை. நான்தான் செய்தன்.

பின்னேரம் நீ வந்து, நான் விளக்குக் கொளுத்திக்கொண்டு நிக்கேக்க வாசல்ல நிண்டு கேட்டனீ.

"வந்ததோ?"

"இல்லை."

நெருப்புக்குச்சி கையில எரிஞ்சுகொண்டிருந்தது. சாமிக்கு முகத்தைக் குடுத்துக்கொண்டு, உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னனான். விரல்ல சுட்டது. நீ அதைக் கண்டிட்டு, "பாத்துப் பெரியம்மா" எண்டு ஓடி வந்து கையைத் தண்ணியில பிடிச்சனீ.

வெள்ளிக்கிழமை சொல்லுவம் எண்டு நினைச்சன். வெள்ளிக்கிழமை வந்தது, நல்ல நாளில ஏன் பிரச்சினை, திங்கள் சொல்லுவம் எண்டு நினைச்சன். திங்கள் விசாக் கந்தோருக்குப் போற நாள். நீ விடியவே எழும்பி, கிடந்த பேப்பருகளை எல்லாம் அடுக்கிக்கொண்டு போய், ஒண்டு குறையுதெண்டு திருப்பி அனுப்பி, மத்தியானம் வந்து கதிரையில இருந்தனீ. திரும்ப ஒரு நாள் குடுக்க ஒண்டரை மாசம் ஆகுமெண்டாங்கள். அப்பவும் எடுத்துத் தந்திருக்கலாம். ஓடிப்போய்க் கேட்டால் ஏதும் செய்திருப்பாங்கள். ஆனால் அதுக்குள்ள ஒரு கிழமைப் பொய் சேந்திட்டுது, எப்பிடி எடுக்கிறது? எங்க இருந்து வந்ததெண்டு சொல்லுறது?

அண்டைக்குப் பின்னேரம் நீ கடிதம் கொண்டு வாற மனிசியோட சண்டை பிடிச்சது எனக்கு மறக்காது. வெளிப்படியால ரெண்டு ரெண்டாப் பாய்ஞ்சு இறங்கி ஓடினனீ. நான் பல்கனியில நிண்டு பாத்தன். நீ ஃபிரெஞ்சில கத்தினது எனக்கு முழுக்க விளங்கேல்லை, உன்ர குரல் அப்பிடி ஏறி நான் கேட்டதே இல்லை. அவ பாவம், பாக்கைத் திறந்து உள்ளுக்கெல்லாம் காட்டினா. பெட்டியைத் தொட்டுக் காட்டி, இஞ்சதான் போட்டனான், பெரிய மண்ணிற என்வலப், நல்லா ஞாபகம் இருக்கு எண்டு சொல்லுறது எனக்கே விளங்கினது. நீ "பொய் சொல்லுறீங்கள்" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பினாய். அவ தலையை நிமித்தி மேல பாத்தா. நானும் அவவும் கண்ணுக்குக் கண் பாத்தம். நான் உள்ள வந்து கதவைச் சாத்தினன்.

நீ ஒருத்தரையும் எடுத்தெறிஞ்சு கதைக்காத பிள்ளை. அந்தச் சொல்லை உன்ர வாயில வைச்சது நான்.

திரும்ப விரல் அடையாளம் குடுத்தாய், திரும்பப் பேப்பர் வந்தது, அந்த முறை நீயே பெட்டிக்குப் பக்கத்தில காவல் நிண்டனீ. ஆனால் நாள் போட்டுது. அடுத்த வருஷம் வாங்கோ எண்டு அங்கால எழுதிப்போட்டாங்கள். ஒரு வருஷம் செயின்ட்-லோறனில ஒரு கிட்டங்கியில பெட்டி அடுக்கினாய். உன்னோட சேந்து போகவிருந்த அந்தப் பிள்ளை, உன்ர வகுப்புப் பிள்ளை, தனியப் போனது. பின்னேரங்களில நீ பின்படியில இருந்து அந்தப் பிள்ளையோட ஃபோனில கதைப்பாய். சிரிப்புக் கேக்கும். மார்கழியில நத்தார் வரையும் கேட்டது. பேந்து கேக்கேல்லை. நீ பின்படிக்குப் போறதையும் விட்டிட்டாய். நான் என்ன நடந்ததெண்டு கேக்கேல்லை, நீயும் சொல்லேல்லை. கேட்டால் அதுக்கும் காரணம் ஆர் எண்டு எனக்குத் தெரிஞ்சிடும் எண்டு பயம்.

இன்னும் ஒண்டு எழுத வேணும். அந்த வருஷம் நான் சந்தோசமா இருந்தன். நீ வேலையால வந்து சாப்பிடுவாய், கோப்பையைக் கழுவி வைப்பாய், நான் மேசைக்கு அங்கால இருந்து பாத்துக்கொண்டிருப்பன். கோயிலில சனம் "பெடியன் போகேல்லையோ" எண்டு கேக்க, "கடவுள் சித்தம்" எண்டு சொன்னனான். நீ வாடி, கதை குறைஞ்சு, தலைமயிர் கூட வெட்டாமல் திரிஞ்சது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், விளக்கு வைக்கேக்க, இந்த வீட்டில எனக்குப் பிள்ளை இருக்கெண்டு மனம் குளிர்ந்தது. அந்தச் சந்தோசத்துக்கு என்ன பேர் வைக்கிறது எண்டு நீதான் சொல்ல வேணும்.

ஏன் அப்பிடிச் செய்தன் எண்டு நீ கேப்பாய். உன்ர அம்மாவைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் விளங்குமோ தெரியேல்லை. என்ர தங்கச்சி என்னை விடக் கெட்டிக்காரி. கொழும்பில நேர்ஸ் படிப்புக்கு எடுபட்டவள். சண்டைக் காலம், பாதை இல்லை, நான்தான் குறுக்க நிண்டு விடமாட்டன் எண்டனான். ஐயாவும் அம்மாவும் கூட ஓம் எண்டதுகள், நான் விடேல்லை. அவள் அதைப் பற்றி ஒருநாளும் என்னோட கதைக்கேல்லை. கலியாணம் முடிச்சு, உன்ர அப்பாவைச் சண்டைக்குக் குடுத்து, உன்னைத் தூக்கிக்கொண்டு இஞ்ச வந்து, நோய் வந்து படுக்கும் வரை ஒரு சொல் சொல்லேல்லை. ஆஸ்பத்திரியில, நீ வெளியில பெரியப்பாவோட மெஷினில சொக்கிலேற் எடுத்துக்கொண்டு நிக்கேக்க, என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவள். என்ன சொன்னவள் எண்டு நீ கேக்கிற நேரமெல்லாம் நான் உனக்குச் சொன்னது, "அக்கா, இவனை நல்லாப் படிக்க வை" எண்டு. அதுதானே உனக்குத் தெரியும். அது பாதி. அவள் முழுக்கச் சொன்னது இதுதான்: "அக்கா, இவனை நல்லாப் படிக்க வை. எங்க போறன் எண்டு நிண்டாலும் மறிக்காத. என்னை மறிச்ச மாதிரி இவனை மறிச்சுப்போடாத."

மிச்சப் பாதியை நான் உனக்கு இத்தினை வருஷமாத் தரேல்லை. அந்த என்வலப்பை ஒளிக்க முதலே நான் ஒரு கடிதம் ஒளிச்ச ஆள் ராசா. அது உன்ர அம்மா வாயால உனக்கு எழுதினது. இப்பதான் கையில தாறன்.

இந்த முறை விசாவுக்கு நீ திரும்பப் போம் நிரப்பினது இதே மேசையில. "பெரியம்மா, உங்கட பிறந்த திகதி என்ன?" எண்டு கேட்டனீ. ஏதும் அவசரமெண்டால் அறிவிக்கிற ஆளுக்கு என்ர பேரைப் போட்டனீ. உறவு எண்ட இடத்தில ஒரு சொல் எழுதினனீ. நான் எட்டிப் பாத்தன். எனக்கு ஃபிரெஞ்சு வாசிக்கத் தெரியாதெண்டு நீ நினைச்சிருப்பாய். ஆனால் கார்டெறியில பிள்ளையளைக் கூட்டிப்போக வாற பொம்பிளையள் எல்லாம் கையெழுத்து வைக்கிற கொப்பியில அந்தச் சொல் ஒவ்வொரு நாளும் கிடக்கும், மேர். அம்மா. நீ ஒருநாளும் என்னை அப்பிடிக் கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பதினெட்டு வயசோட கோட்டுப் பேப்பரும் முடிஞ்சுது, அதுக்குப் பிறகு உன்னையும் என்னையும் கட்டி வைக்க ஒரு பேப்பரும் இல்லை எண்டுதான் எனக்கு அவ்வளவு பயம். நீ பாட்டுக்குப் பேனையை எடுத்து எழுதிப்போட்டாய். நான் ரொய்லெற்றுக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு இருந்தன்.

அதே கிழமை படத்துக்குப் பின்னால இருக்கிற சின்ன லைட் எரியேல்லை எண்டு பெரியப்பா கழட்டினவர். என்வலப் கீழ விழுந்தது. அவர் எடுத்துத் திருப்பிப் பாத்தார். திகதியைப் பாத்தார். என்னைப் பாத்தார்.

"இது என்னப்பா?"

நான் குனிஞ்சு, கழட்டின லைட்டை எடுத்தன்.

"நீர் வைச்சனீரோ?"

"ஓம்."

"தெரிஞ்சோ?"

"ஓம்."

அவர் கதிரையில இருந்திட்டார். "அந்தப் பெடியன் கிட்டங்கியால வந்து முதுகுக்கு எண்ணெய் பூசச் சொல்லிக் கேக்கேக்க, நீர்தானே பூசினனீர்" எண்டார். பேந்து, "நீரே சொல்லும். அவன் போக முதல். நான் சொல்லமாட்டன்" எண்டார். அண்டையில இருந்து அவர் சாமி அறைக்குள்ள வாறேல்லை. வாசல்ல நிண்டு கும்பிட்டிட்டுப் போறார். நீ கூடக் கேட்டனீ, பெரியப்பாவுக்கு முழங்கால் நோவோ எண்டு.

நான் உடனே சொல்லேல்லை. கோயிலுக்கு ஓடினன், அங்க ஏதும் குறுக்கு வழி இருக்குமோ எண்டு. புதுசா வந்த சின்ன ஐயர், உன்ர வயசுதான் இருக்கும், ஃபோனைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

"ஐயா, ஒரு பரிகாரம் கேக்க வேணும். ஒரு கடிதத்தைச் சாமியிட்டை வைச்சன், எடுக்க மறந்திட்டன்."

"எத்தினை நாளா அம்மா?"

"ஒரு வருஷம்."

ஃபோனைக் கீழ வைச்சார். "ஆற்ற கடிதம்?"

"பெடியன்ர."

"அப்ப பெடியனிட்டைக் குடுங்கோ. இதுக்கு என்னத்துக்கு அருச்சனை?"

"சாமிக்கு ஏதும் குறை வைச்சிட்டனோ எண்டுதான்..."

"சாமிக்கு ஒரு குறையும் இல்லை அம்மா. அவருக்கு வந்த கடிதம் இல்லையே அது."

அவ்வளவுதான். தட்டில பூ வைச்சுத் தந்துவிட்டார். சின்னப் பெடியன், பேசாமல் இருந்து ஒரு அருச்சனையைச் செய்து காசை வாங்கியிருக்கலாம். வீட்டை வரும்வரை எனக்கு அவரில கோவம். வீட்டுப் படி ஏறேக்கதான் கோவம் எங்க போக வேணுமோ அங்க போனது.

கடிதம் கொண்டு வாற மனிசியிட்டை நான் போயிட்டன். போன வெள்ளிக்கிழமை. நீ மன்னிப்புக் கேக்கத் தேவையில்லை, அது என்ர கணக்கு. ஒரு பெட்டியில வடை போட்டுக்கொண்டு கீழ படியில காவல் இருந்தன். அவ வந்து வழமை போல "பொன்ஜூர் மடாம்" எண்டா. ஒரு வருஷமா அவ அப்பிடிச் சொல்ல, நான் கீழ பாத்துக்கொண்டு போற ஆள். அண்டைக்கு எனக்குத் தெரிஞ்ச நாலு சொல்லையும் சேத்து, கடிதம், என்ர பெடியன், நான், நான் எடுத்தன் எண்டு நெஞ்சில கையை வைச்சுக் காட்டினன். அவ பாக்கை இறக்கி வைச்சிட்டு என்னைப் பாத்துச் சொன்னா, "ஜு ஸே, மடாம்." எனக்குத் தெரியும் எண்டு. அண்டைக்குப் பல்கனியில பாத்தபோதே தெரியுமாம். தெரிஞ்சும் ஒருநாளும் உன்னட்டைச் சொல்லிக் குடுக்கேல்லை, கடிதத்தையும் நிப்பாட்டேல்லை. வடையை வாங்கிக்கொண்டு, தனக்கும் மகன் இருக்கெண்டு கையால உயரம் காட்டினா. அவ்வளவு பெரிய பெடியனாம். மன்னிச்சவவோ எண்டும் எனக்குத் தெரியாது.

உன்னட்டையும் நான் மன்னிப்பெண்டு கேக்கேல்லை ராசா. கேட்டால் நீ குடுத்துப்போடுவாய், உன்ர குணம் எனக்குத் தெரியும், ஃபிளைற் பிடிக்கிற அவசரத்தில "பறவாயில்லை" எண்டு சொல்லிப்போட்டுப் போவாய். அந்தச் சொல் எனக்கு வேண்டாம். போய் இருந்து, யோசிச்சு, கோவம் வந்தால் கோவப்பட்டு, ஃபோன் எடுக்க மனமில்லாட்டில் எடுக்காமல் இரு. பெரியப்பாவோட கதை, நான் பக்கத்தில நிண்டு கேட்டுக்கொள்ளுவன், நிக்க வேண்டாம் எண்டு சொன்னால் அங்காலை போவன். அந்தப் போமில எழுதின சொல்லை இனி நிரப்புற போமுகளில மாத்த வேணுமெண்டால் மாத்து. அந்தப் பிள்ளை இப்பவும் லிஸ்பனிலதானே எண்டால், போய் ஒருக்கால் பார். நடந்ததைச் சொல்லு. பிழை உன்னில இல்லை, தபாலிலயும் இல்லை, வீட்டில ஒரு பொம்பிளையில எண்டு சொல்லு.

அந்த மண்ணிற என்வலப்பையும் இதோட வைக்கிறன். இன்னும் உடைக்கேல்லை. உள்ள இருக்கிறது இனி ஒண்டுக்கும் உதவாது, காலம் போட்டுது. கிழிச்சுப்போட எனக்கு ஒரு வருஷமா மனம் வரேல்லை, சாமியிட்டை வைச்சதெண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தன். உன்ர பேருக்கு வந்தது. நீ உடை, அல்லது எறி.

கீழ கதவு சத்தம் கேக்குது, நீ உடுப்புப் பாக்கோட படி ஏறுறாய், நான் முடிக்க வேணும். நீ இதை வாசிக்கேக்க எங்கயாவது திருநீறு பட்டிருக்கோ எண்டு பாப்பாய். இல்லை. இந்தக் கடிதத்தை நான் சாமிக்கு முன்னால வைக்கேல்லை. வைச்சால் நாளைக்கு எடுக்கமாட்டன் எண்டு எனக்கே பயம். மேசையில இருந்து நேர உன்ர கைக்குத்தான் வருது.

எழுத்து விளங்காத இடம் வந்தால் எழும்பி வந்து கேள். நான் குசினிக்குள்ளதான் நிப்பன்.

உன்ர
பெரியம்மா